நேற்று நின்ற குழந்தை இன்று நிற்கவில்லை என்றால்: முதுகுத்தண்டில் தானாக ஏற்படும் ரத்தக்கசிவு

செந்தூலிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா மகனுக்கு 13 மாதம். கீழே விழவில்லை, காய்ச்சலும் இல்லை. ஒருநாள் இரவு திடீரென வீறிட்டு அழ ஆரம்பித்தான். கிளினிக்கில் வயிற்றில் வாய்வு என்று மருந்து கொடுத்தார்கள். பாட்டி யூ யீ எண்ணெய் தடவினார். உரம் விழுந்திருக்கும் என்று சேலையில் போட்டு உருட்டியும் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பிள்ளை நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ எடுத்தபோது, அடி எதுவும் படாமலே தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருப்பது தெரிந்து, அன்றிரவே அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். "முன்பே கண்டுபிடித்திருக்க முடியாதா? அவன் இனி நடப்பானா? எங்கள் வீட்டிலும் சின்னப் பிள்ளை இருக்கிறான், எதைப் பார்க்க வேண்டும்?" என்பது அவருடைய கேள்வி. பாட்டி இன்னமும் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு அழுகிறாராம்.

பினாங்கில் குழந்தைகள் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் நாள் இரவில் இதைக் கண்டுபிடித்திருக்க யாராலும் முடியாது. அழுகை மட்டும் இருக்கும் கட்டத்தில் இதற்கென்று தனி அடையாளம் கிடையாது. அழும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வாய்வோ, காதுவலியோ, பல் முளைப்பதோதான் காரணமாக இருக்கும். இது மிக அரிய நோய். பெரியவர்களையும் சேர்த்தே 10 லட்சம் பேரில் வருடத்துக்கு ஒருவர் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள், குழந்தைகளில் அதைவிடக் குறைவு. அதனால் அந்த கிளினிக் டாக்டரையும் பாட்டியையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கால் அசைவு குறைய ஆரம்பித்த பிறகு கதை வேறு. அப்போது கண்டுபிடிக்க முடியும், பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். முதுகெலும்புக் குழாய்க்குள் தண்டுவடம் போகிறது, அதைச் சுற்றி ஒரு கெட்டியான உறை. அந்த உறைக்கும் எலும்புக்கும் நடுவில் கொஞ்சம் கொழுப்பும், மெல்லிய சுவர் கொண்ட சிரைகளின் பின்னலும் இருக்கின்றன. இந்தச் சிரைகளில் வால்வு கிடையாது. இருமினாலும், முக்கினாலும், வாந்தி எடுத்தாலும், மூச்சடக்கி அழுதாலும் வயிற்றிலும் மார்பிலும் ஏறும் அழுத்தம் நேராக அங்கே போய்ச் சேர்கிறது. எங்கோ ஒரு சிரை கசிந்தால் ரத்தம் அந்தக் குறுகிய இடத்தில் தேங்கித் தண்டுவடத்தை நசுக்குகிறது. குழந்தைகளில் கழுத்தின் அடிப்பகுதியும் மேல்முதுகும் சேரும் இடத்தில்தான் இது அதிகம் வருகிறது. சில சமயம் கசிவு உறைக்கு உள்ளேயோ தண்டுவடத்துக்குள்ளேயோகூட நடக்கும். அப்படியானால் பிறவியிலேயே பின்னிப்போன ரத்தக்குழாய் ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர்கள் தேடுவார்கள்.

பேசத் தெரிந்தவர் என்றால் கதை தெளிவாக இருக்கும்: கழுத்திலோ முதுகிலோ கத்தியால் குத்தியது போல் திடீர் வலி, அது கைக்கோ விலாவுக்கோ பரவும், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கால் மரத்து வலுவிழக்கும், சிறுநீர் கழிக்க முடியாது. 13 மாதப் பிள்ளை இதில் எதைச் சொல்லும்? அழும், அவ்வளவுதான். "எங்கே வலிக்குது?" என்று கேட்டால் மூன்று வயதுப் பிள்ளைகூட வயிற்றைத்தான் காட்டும். அதிலும் மேல்முதுகில் கசிந்த ரத்தம் விலா வழியாகச் சுற்றி வந்து உண்மையிலேயே வயிற்றுவலியாகத் தெரிவதுண்டு. அதனால் வலி எங்கே என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. நேற்று செய்துகொண்டிருந்த எதை இன்று செய்யவில்லை என்று பாருங்கள்.

நேற்று சோபாவைப் பிடித்து எழுந்து நின்றவன் இன்று உட்கார்ந்த இடத்திலேயே கை நீட்டுகிறானா? தவழ்ந்து வந்தவன் வயிற்றால் இழுத்துக்கொண்டு வருகிறானா? பேம்பர்ஸ் மாற்றும்போது எப்போதும் காலை உதைத்து ரகளை செய்பவன் இன்று கால் இரண்டையும் அப்படியே போட்டுவிட்டு மேலே மட்டும் நெளிகிறானா? வலுவிழந்த குழந்தை சமர்த்தாக இருப்பது போல் தெரியும். "பரவாயில்லையே, இன்னைக்கு அடம் பிடிக்காம மாத்த விட்டான்" என்று நினைத்துவிடுவோம்.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஒரு எளிய வழி சொல்கிறேன். பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துக் காலுறையைக் கழற்றிவிடுங்கள். உள்ளங்காலில் விரலால் லேசாகக் கிச்சுக்கிச்சு மூட்டுங்கள். சாதாரணமாக இருக்கும் பிள்ளை காலை இழுத்துக்கொள்ளும், முகமும் மாறும், சிரிப்போ சிணுங்கலோ வரும். கால் நகரவில்லை என்றால் அது ஒரு செய்தி. கால் தானாகச் சுருங்குகிறது, ஆனால் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, தொட்டதே தெரியாத மாதிரி இருக்கிறான் என்றால் அதுவும் செய்திதான். கசிவுக்குக் கீழே இருக்கும் தண்டுவடம் தனியாகச் செய்யும் வேலை அது, உணர்வு மேலே மூளைக்குப் போய்ச் சேரவில்லை. அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா என்று பாருங்கள், ஏனென்றால் ஆரம்பத்தில் ஒரு கால் மட்டும் பின்தங்கலாம். கழுத்துப் பகுதியில் கசிவு என்றால் கையும் சேரும். பிஸ்கட்டைப் பிடிப்பவன் நழுவவிடுவான், வழக்கமான கையை விட்டுவிட்டு மற்றக் கையை நீட்டுவான்.

வலிக்கும் ஒரு அடையாளம் உண்டு. மடியில் சும்மா வைத்திருந்தால் ஓரளவு அடங்கும் பிள்ளை, அக்குளில் கைகொடுத்துத் தூக்கும் நொடியில் வீறிட்டு அழும். பேம்பர்ஸ் மாற்றக் கால்களைத் தூக்கி முதுகு வளையும்போதும் அப்படியே. வாய்வு வலிக்காரப் பிள்ளையைத் தோளில் போட்டால் கொஞ்சமாவது ஆறுதல் அடையும், முதுகு வலிக்காரன் தூக்கினால்தான் அதிகம் அழுவான். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துத் திருப்பவே மறுப்பதும் இதில் சேரும். நம் வீடுகளில் அதைத்தான் "உரம் விழுந்திடுச்சு", "சுளுக்கு" என்போம்.

உரம் எடுப்பதைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். சேலைத் தொட்டிலில் போட்டு உருட்டுவது, கழுத்தை நீவிவிடுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தட்டுவது எல்லாம் தலைமுறைகளாக நடக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் அதற்குப் பிறகும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், காரணம் அவர்களுக்குப் பெரிதாக எதுவும் இல்லாததுதான். ஆனால் கழுத்து திருப்பாத, தூக்கினால் அலறும் குழந்தையின் முதுகுத்தண்டில் கை வைப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அது ரத்தக்கசிவாக இல்லாமல் எலும்பிடைத் தட்டில் கிருமியாக இருக்கலாம், கட்டியாக இருக்கலாம், எதற்குமே நீவுவது மருந்தல்ல. அதற்காக உங்கள் அம்மாவைக் குற்றவாளி ஆக்கவும் வேண்டாம். கசிவு ஆரம்பித்த பிறகுதான் பிள்ளை அழுதான், அழுத பிறகுதான் பாட்டி கை வைத்தார். வரிசை அதுதான் என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

சிறுநீர் விஷயத்தில் ஒரு குழப்பம் வரும். தண்டுவடம் நசுங்கினால் சிறுநீர்ப்பை காலியாகாது. காலையில் போட்ட பேம்பர்ஸ் மதியம் வரை காய்ந்திருந்தால் கவனிப்பீர்கள், சரி. ஆனால் பை நிரம்பி வழியும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டும். பேம்பர்ஸ் எப்போதும் லேசாக ஈரமாகவே இருக்கும், நாமும் "போகிறானே" என்று நிம்மதி அடைவோம். அழாத நேரத்தில் தொப்புளுக்குக் கீழே கையை வைத்துப் பாருங்கள். உருண்டையாக, இறுகலாக எழும்பி நின்றால் சிறுநீர் உள்ளேயே தேங்கியிருக்கலாம். மலச்சிக்கலும் கூடவே வரும், அதைப் பார்த்துத்தான் பலர் வயிற்றுக் கோளாறு என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

கழுத்தின் மேல்பகுதியில் கசிவு என்றால் மூச்சுக்கும் ஆபத்து. மார்பு அசையாமல் வயிறு மட்டும் ஏறி இறங்குவது, அழுகைச் சத்தம் மெலிந்துபோவது இரண்டும் தெரிந்தால் வேறு எதையும் சரிபார்த்துக்கொண்டிருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

ஆஸ்பத்திரியிலும் இது வேறு பெயரில் போக வாய்ப்பு அதிகம். சளி பிடித்து ஒரு வாரம் கழித்துக் கால் வலுவிழந்தால் கீலன்-பாரே என்ற நரம்பு நோய் முதலில் நினைவுக்கு வரும். அது பெரும்பாலும் கீழிருந்து மேலாக, நாட்கணக்கில் ஏறும். ரத்தக்கசிவு மணிக்கணக்கில் வரும், சிறுநீரையும் சீக்கிரமே பிடித்துவிடும். சிக்கல் என்னவென்றால் தண்டுவடம் திடீரென அடிபட்டால் முதல் நாட்களில் கால் துவண்டு, முட்டியில் தட்டினாலும் அசையாமல் இருக்கும், பார்ப்பதற்கு கீலன்-பாரே மாதிரியே. தண்டுவட அழற்சியும் இதே வேடம் போடும். கழுத்து விறைப்பைப் பார்த்து மூளைக்காய்ச்சலோ என்று சந்தேகிப்பதும் நியாயம்தான். நொண்டும் பிள்ளைக்கு இடுப்பு மூட்டு அழற்சி என்று சொல்லி அனுப்புவார்கள். அந்தப் பிள்ளைகள் நிற்க மறுத்தாலும் பாதத்தையும் விரல்களையும் நன்றாக ஆட்டுவார்கள், அந்த வித்தியாசத்தை நீங்களே பார்க்கலாம்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இடுப்பில் ஊசி போட்டு முதுகுநீர் எடுப்பது. மூளைக்காய்ச்சலுக்கும் கீலன்-பாரேக்கும் அது தேவையான பரிசோதனை. ஆனால் ரத்தம் உறையாத குழந்தைக்கு அந்த ஊசியே புதிய கசிவை உண்டாக்கலாம், ஏற்கெனவே நசுங்கியிருக்கும் தண்டுவடத்தின் நிலையையும் மோசமாக்கலாம். அதனால் கால் திடீரென விழுந்த பிள்ளைக்கு முதலில் ரத்தம் உறையும் தன்மையும் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையும் பார்த்து, எம்ஆர்ஐ எடுத்து, அப்புறம்தான் ஊசி. "டாக்டர், ரத்தம் உறைவதைப் பார்த்துவிட்டீர்களா? எம்ஆர்ஐக்கு முன்பே ஊசி போட வேண்டுமா?" என்று மரியாதையாகக் கேட்பது பெற்றோரின் உரிமை. எந்த நல்ல டாக்டரும் அதற்குக் கோபப்படமாட்டார்.

எம்ஆர்ஐயில் இன்னொரு நுணுக்கம். கால் விழுந்திருக்கிறது என்று கீழ்முதுகை மட்டும் எடுத்தால் கசிவு அகப்படாமல் போகலாம், ஏனென்றால் அது கழுத்தடியில் இருக்கும். முழு முதுகுத்தண்டையும் எடுக்க வேண்டும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதை இந்த விஷயத்தில் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்னப் பிள்ளை ஆடாமல் படுக்காது, தூக்கத்துக்கு மருந்தோ மயக்க மருந்தோ கொடுப்பார்கள். கடைசியாகப் பால் குடித்தது எத்தனை மணிக்கு என்பதை நினைவில் வைத்திருங்கள், மயக்க டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

இப்போது எங்கே போவது. கோலாலம்பூரில் என்றால் ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜிஸில் இருக்கும் ஹாஸ்பிட்டல் துங்கு அஜிஸா, பக்கத்தில் ஹாஸ்பிட்டல் கோலாலம்பூர், லெம்பா பந்தாய் பக்கம் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, செராசில் யுகேஎம் மருத்துவமனை. பினாங்குத் தீவில் ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் ஹாஸ்பிட்டல் புலாவ் பினாங். நரம்பியல் அறுவை சிகிச்சை வசதியோடு இணைந்த இடத்துக்கு நேராகப் போவதுதான் புத்திசாலித்தனம். வழியில் மூன்று கிளினிக் ஏறி இறங்கினால் பாதி நாள் போய்விடும். பிள்ளையின் மூச்சு சரியில்லை என்றால் மட்டும் எது அருகில் இருக்கிறதோ அங்கே போங்கள்.

அவசரப் பிரிவுக் கவுன்டரில் என்ன சொல்கிறீர்கள் என்பதில் நிறைய இருக்கிறது. "அழுதுகிட்டே இருக்கான், சாப்பிடலை" என்றால் காய்ச்சலைப் பார்த்துவிட்டுப் பச்சை மண்டலத்தில் உட்கார வைப்பார்கள், அது மணிக்கணக்கான காத்திருப்பு. முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: "அனாக் சாயா செமாலாம் போலே பெர்டிரி, ஹாரி இனி காக்கி தா கெராக். தா ஜாத்தோ, தா டெமாம்." நேற்று நின்றான், இன்று கால் அசையவில்லை, விழவில்லை, காய்ச்சல் இல்லை. சிறுநீர் கடைசியாக எப்போது போனான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன வாரம் அவன் நின்று ஆடிய வீடியோ கையடக்கப்பேசியில் இருக்கும், அதை எடுத்துக் காட்டுங்கள். அந்தப் பிள்ளையை அன்றுதான் முதல்முறை பார்க்கும் டாக்டருக்கு, அவன் நேற்று எப்படி இருந்தான் என்று தெரிய வேறு வழியே கிடையாது.

சில கேள்விகள் மனதைப் புண்படுத்தும். யார் பார்த்துக்கொள்கிறார்கள், பிள்ளை பார்க்கும் ஆயா வீட்டில் என்ன நடந்தது, யாராவது குலுக்கினார்களா என்று விசாரிப்பார்கள். நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே குழு இருக்கிறது. பேசத் தெரியாத பிள்ளையின் உடலுக்குள் காரணம் தெரியாத ரத்தம் இருந்தால் அதைக் கேட்டே ஆக வேண்டும். உரம் எடுத்தது, மருந்து கொடுத்தது எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஏன் வருகிறது என்பதற்கு வருகிறேன். கணிசமான பிள்ளைகளிடம் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைப்பதில்லை. கிடைக்கும் காரணங்களில் முதலில் தேட வேண்டியது ஹீமோபீலியா, ரத்தம் உறைய வேண்டிய ஒரு புரதம் குறைவாக இருப்பது. ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு ஃபேக்டர் 8 என்ற புரதம் குறைவாக இருக்கும், ஃபேக்டர் 9 குறைவது அதைவிட அரிது. சில பிள்ளைகளுக்குத் தண்டுவடக் கசிவுதான் முதல் அறிகுறியே. ஆனால் திரும்பிப் பார்த்தால் சின்னச் சின்ன அடையாளம் இருந்திருக்கும்: தூக்கிய இடத்தில் விரல் அளவு நீலத் தழும்பு, தடுப்பூசி போட்ட தொடையில் பெரிய வீக்கம், விழுந்து உதடு கிழிந்து விடிய விடிய கசிந்த ரத்தம்.

காது குத்தியபோது என்ன நடந்தது என்று நான் எப்போதும் கேட்பேன். பத்துமலையில் மொட்டை போட்டபோது பட்ட கீறலில் ரத்தம் நின்றதா என்றும் கேட்பேன். இந்த நோய் தாய் வழியாக மகனுக்கு வருவது, ஆகவே தாயின் சகோதரர்களுக்கும் இருக்கலாம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துகிறோம். அந்த மாமாவிடமே கேளுங்கள், பல் பிடுங்கியபோது ரத்தம் நின்றதா, சின்ன வயதில் முட்டி வீங்கிக் கிடந்தாரா என்று. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதாலும் விட்டுவிட முடியாது, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு முன்கதை எதுவுமே இருக்காது.

இன்னும் சிறிய, ஓரிரு மாதக் குழந்தை என்றால் வைட்டமின் கே குறைவை நினைக்க வேண்டும். பிறந்தவுடன் தொடையில் போடும் 1 மில்லிகிராம் ஊசி அதற்குத்தான். இயற்கை முறை என்று அதை மறுக்கும் பெற்றோர் இங்கேயும் இருக்கிறார்கள், எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஊசி போட்டிருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சள் காமாலை நிற்காமல், மலம் வெளுத்துப் போனால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், அங்கேயும் வைட்டமின் கே உடம்பில் சேராது. தட்டணு குறையும் நோய்கள், ரத்தப் புற்று, பிறவி ரத்தக்குழாய்க் கோளாறு எல்லாம் பட்டியலில் உண்டு. காரணம் எதுவானாலும் வலிக்கு வீட்டில் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஐபுப்ரோபேன் சிரப்பும் ஆஸ்பிரினும் வேண்டாம், டெங்கி ஊரில் இருக்கும் நமக்கு இது ஏற்கெனவே பழகிய விதிதான்.

சிகிச்சை நேரத்தோடு ஓடுவது. கால் விழுந்தபின் சுமார் 12 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுத்தவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு, அதைத் தாண்டினாலும் கதவு மூடிவிடுவதில்லை. அறுவை சிகிச்சையில் முதுகெலும்பின் பின்பக்க வளைவைத் திறந்து ரத்தக்கட்டியை எடுப்பார்கள். வளரும் பிள்ளை என்பதால் முடிந்தவரை அந்த எலும்பைத் திரும்பப் பொருத்துவார்கள், இல்லாவிட்டால் பின்னால் முதுகு கூன் விழலாம். ஹீமோபீலியா என்று தெரிந்த பிள்ளைக்கு மட்டும் வரிசை மாறும்: ஸ்கேனுக்குக் காத்திராமல் ஃபேக்டர் மருந்தை உடனே ஏற்றுவார்கள், சிலருக்கு அதிலேயே ரத்தம் கரைந்து அறுவை சிகிச்சை தேவைப்படாமல் போகும். அப்படிப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், காரணமில்லாத கழுத்துவலி வந்தாலே கால் விழும்வரை காத்திருக்காதீர்கள்.

உங்கள் அக்கா மகன் நடப்பானா என்று கேட்டீர்கள். அறுவை சிகிச்சைக்கு முன் காலில் கொஞ்சமாவது அசைவு இருந்ததா என்பதில்தான் பதில் பெரிதும் இருக்கிறது, அதை டாக்டரிடம் கேளுங்கள். குழந்தைகள் பெரியவர்களைவிட நன்றாகத் தேறுவார்கள், மாதக்கணக்கில் முன்னேற்றம் தொடரும். பிசியோவை விடாதீர்கள், சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகிறதா என்ற கண்காணிப்பையும் விடாதீர்கள். கால் வந்துவிட்டால் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள், சிறுநீரகம் கெடுவது அங்கேதான்.

உங்கள் மகனைப் பொறுத்தவரை, அக்கா மகனுக்கு ஹீமோபீலியா என்று முடிவு வந்தால் உங்களுக்கும் உங்கள் பையனுக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், ஏனென்றால் அக்காவும் நீங்களும் ஒரே தாயின் பிள்ளைகள். காரணம் எதுவும் இல்லை என்று வந்தால் உங்கள் வீட்டில் தனிப் பரிசோதனை தேவையில்லை. அந்தப் பிள்ளைக்கு மட்டும் சில வாரம் கழித்து மறுபடியும் ஒரு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். சில சமயம் புதிய ரத்தம் கரைந்த பிறகுதான் அதன் பின்னால் ஒளிந்திருந்த பிறவி ரத்தக்குழாய் முடிச்சு தெரியவரும். பிள்ளை நன்றாக ஓடுகிறானே, எதற்கு இன்னொரு மயக்க மருந்து என்று அந்தத் தேதியைத் தள்ளிப்போடாமல் அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.